ஜி.பி.எஸ். கருவி ஆன் ஆகவில்லையா? ரீசெட் பொத்தானைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் உழவு வேலை யாருக்காகவும் காத்திருக்காது. கார் நெல்லுக்கு வயல் தயாராக வேண்டும். டிராக்டர் ஒரு வயலில் இருந்து இறங்கினால் அடுத்த வயலில் ஏற வேண்டும். இப்போது பல இடங்களில் ரோட்டவேட்டர் ஓட்டவும் டிரோன் மூலம் மருந்து தெளிக்கவும் ஏக்கர் கணக்கில் கூலி பேசுகிறார்கள். மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று நிலத்தைச் சொல்லும் பழக்கம் இன்னும் போகாத ஊர்களில், "இது எத்தனை சென்ட்?" என்ற கேள்விக்கு வரப்பைச் சுற்றி நடந்து உடனே பதில் சொல்ல கையடக்க ஜி.பி.எஸ். கருவி உதவுகிறது. அந்தக் கருவி காலை ஏழு மணிக்கு வரப்பில் நின்று அமுக்கும்போது ஆன் ஆகாவிட்டால் அன்றைய கூலிக் கணக்கே தகராறில் முடியும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், இலஞ்சி பக்கம் ரோட்டவேட்டர் ஓட்டுபவர், சென்ற சாரலில் போன் செய்தார். "அண்ணாச்சி, மிசினு செத்துப்போச்சு. பேரு மட்டும் வருது, அப்படியே நிக்கி" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிவிட்டார். கருவி உயிர் பெற்றுவிட்டது. ஆனால் மூன்று பருவமாக அவர் அளந்து பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்த அத்தனை வயல்களும் போய்விட்டன. அவருக்கு அது வெறும் வரைபடம் இல்லை. யார் எத்தனை ஏக்கர், யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு நோட்டே அதுதான்.

அவர் கருவிக்கு ரீசெட் தேவையே இல்லை. கோளாறு மெமரி கார்டில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்திருந்தாலே போதும். இதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

இந்தக் கட்டுரை அந்த வருத்தத்தில் எழுதியது. ஆன் ஆகாத கருவிகளில் நிறைய, உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக்கு மேல் வீட்டிலேயே சரியாகிவிடும். உள்ளே இருக்கும் அளவுகளும் பிழைக்கும்.

எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"ஆன் ஆகவில்லை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வெவ்வேறு கோளாறு. பொத்தானை அமுக்கினால் திரையில் வெளிச்சமே வரவில்லை, அல்லது வந்து உடனே அணைகிறது என்றால் மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை. கம்பெனி பெயர் வந்து அதிலேயே நிற்கிறது, அல்லது மறுபடி மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது என்றால் உள்ளே சேமித்த ஏதோ ஒரு பதிவைப் படிக்க முடியாமல் திணறுகிறது. முழுதாக ஆன் ஆகி, மெனு எல்லாம் வந்து, "செயற்கைக்கோளைத் தேடுகிறது" என்பதிலேயே மணிக்கணக்காக நிற்கிறது என்றால் கருவியில் பெரும்பாலும் பழுதே இல்லை.

மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் கோளாறுக்கு மூன்றாவதன் மருந்தைக் கொடுத்தால் பயன் இல்லை. மூன்றாவதற்கு ரீசெட் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

கடிகார செல்லைப் போடாதீர்கள்

வெளிச்சமே வராத கருவியை எடுத்துக்கொள்வோம். கார்மின் இட்ரெக்ஸ் போன்ற கருவிகளில் இரண்டு டபுள் ஏ செல் போட வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே அளவு செல்தான். அளவு ஒன்றாக இருப்பதாலேயே பலர் பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான கடிகார செல்லை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். கடிகாரம் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். ஜி.பி.எஸ். கருவி ஆன் ஆகும் நேரத்தில் திரை, விளக்கு, செயற்கைக்கோள் ரிசீவர் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் இழுக்கும். அந்த இழுப்பைச் சாதாரண கார்பன் செல் தாங்காது. பெயர் வரும், வோல்டேஜ் இறங்கும், அணைந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. அந்தச் செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 1.5 வோல்ட் என்று நன்றாகவே காட்டும். சுமை இல்லாதபோது காட்டும் அளவு அது. "செல் நல்லாத்தான் இருக்கு, மிசின்தான் போச்சு" என்று முடிவுக்கு வருவது இப்படித்தான். ஆகவே மீட்டரை நம்பாதீர்கள். கவரில் 'அல்கலைன்' என்று எழுதியிருக்கும் புது செல் இரண்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கலந்து போட வேண்டாம்.

சார்ஜ் செய்யும் செல் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கல் வகை சார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும், அல்கலைன் 1.5 வோல்ட். கருவியின் செட்டிங்கில் எந்த வகை செல் என்று குறிக்கும் இடம் இருக்கும். அதில் அல்கலைன் என்று விட்டுவிட்டு சார்ஜ் செல்லைப் போட்டால், நிறைந்த செல்லையே தீர்ந்த செல் என்று கருவி நினைத்துக்கொள்ளும்.

செல் புதுசு, அப்படியும் அசைவில்லை என்றால் செல் வைக்கும் அறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுருள் கம்பியிலும் தகட்டிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருக்கிறதா? பருவம் முடிந்து செல்லைக் கழற்றாமல் அலமாரியில் போட்டுவிட்ட கருவிகளில் இது நிச்சயம் இருக்கும். அல்கலைன் செல் ஒழுகினால் வெளிவருவது காரத்தன்மை உள்ள நீர். அதை வெறும் துணியால் துடைத்தால் போகாது. புளிப்பு வேண்டும். புளியங்குடி எலுமிச்சைக்கு இங்கே பஞ்சமில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு தொட்டு, பொருக்கின் மேல் மட்டும் தேயுங்கள். லேசாக நுரைத்துக் கரையும். சாறு அங்கேயே தங்கினால் அதுவே தகட்டைத் தின்னும். அதனால் நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் இந்த ஆல்கஹால் இருக்கும். கேட்டால் ஒரு மூடி கொடுப்பார்கள். சாதாரண கார்பன் செல் ஒழுகியிருந்தால் அது அமிலத்தன்மை. அதற்கு எலுமிச்சை கூடாது. சமையல் சோடாவைக் கொஞ்சம் நீரில் கரைத்துத் தொட வேண்டும். இந்த வேலைக்கு முன் கையுறை போடுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

உப்புத்தாள் போட்டு உரசுவது நம் ஊர்ப் பழக்கம். டார்ச் லைட்டுக்கு அது சரி. இந்தத் தகடுகளின் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது; அது போய்விட்டால் அடுத்த சாரலுக்குள் துரு ஏறிவிடும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும்.

டிராக்டரில் மாட்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிக் கோளாறு வரும். குலுக்கலில் சுருள் கம்பி தளர்ந்து, மேடு பள்ளம் ஏறும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். சுருளை விரல் நகத்தால் சற்று வெளியே இழுத்துவிட்டால் பிடிப்பு வந்துவிடும்.

செல் இல்லாமல் உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்து வரும் நில அளவைக் கருவிகளும் இப்போது நிறைய விற்கின்றன. அவை நாலைந்து மாதம் சும்மா கிடந்தால் பேட்டரி முழுக்க வடிந்துவிடும். சார்ஜரில் போட்டாலும் முதல் அரை மணி நேரம் திரையில் ஒன்றும் வராமல் இருக்கலாம். பொறுமையாக ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு அமுக்குங்கள். வேறு கேபிள், வேறு சார்ஜரும் மாற்றிப் பாருங்கள். கருவியின் முதுகு உப்பியிருந்தால், மூடி பிதுங்கியிருந்தால், சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுங்கள்.

அரிசி டப்பாவில் போட வேண்டாம்

குற்றாலத்தில் சீசன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குளியல். மேலகரம், வல்லம், பண்பொழி பக்கத்து விவசாயிக்கு அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நனைந்துகொண்டே செய்யும் வேலை. அந்தச் சாரல் பெரிய மழையாகவும் இருக்காது, விடவும் விடாது. கருவியைச் சட்டைப் பையில் வைத்தால் வியர்வை, வெளியே எடுத்தால் தூறல்.

பல கருவிகளின் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை புதுக் கருவிக்கு, நல்ல நீரில் செய்தது. யு.எஸ்.பி. துளையை மூடும் ரப்பரும் செல் மூடியைச் சுற்றிய ரப்பர் வளையமும் நாலு வருஷத்தில் விறைத்துப்போகும். மூடியில் ஒரு நெல் உமி சிக்கினாலே நீர் உள்ளே இறங்கப் போதும். இன்னொன்று: யூரியா பிடித்த கையோடு கருவியைத் தொடாதீர்கள், உரச் சாக்கின் மேல் வைக்காதீர்கள். யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். அது பொத்தான் இடுக்கிலும் துளையிலும் ஒட்டினால் அந்த இடம் காயவே காயாது.

திரைக்கு உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி தெரிந்தால் ஈரம் புகுந்துவிட்டது. அந்த நேரத்தில் செய்யவே கூடாதது, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்வது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் போர்டு அரிக்கும். ஈரம் மட்டும் இருந்தால் காய்ந்து பிழைத்துக்கொள்ளும். உடனே செல்லைக் கழற்றுங்கள். மெமரி கார்டு இருந்தால் அதையும் எடுங்கள். எல்லா மூடியையும் திறந்து வைத்து, துளை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள்.

அரிசி டப்பாவுக்குள் புதைக்கும் யோசனையை எல்லோரும் சொல்வார்கள். அரிசி அப்படி ஒன்றும் ஈரத்தை இழுக்காது. அதன் மாவும் தூசியும் துளைக்குள் போய் அடைப்பதுதான் மிச்சம். அதைவிட, செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு இறுக்கமான டப்பாவில் பத்துப் பதினைந்து பொட்டலம் போட்டு, கருவியை அதில் வைத்து மூடினால் நன்றாகக் காயும். வெயிலில் டிராக்டர் பானெட் மேல் வைப்பது, அடுப்பு மேட்டில் வைப்பது, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவது எல்லாம் திரையைக் கெடுக்கும்.

பெயரோடு நின்றால்: பதிவுகளைக் காப்பாற்றுங்கள்

இனி இலஞ்சிக்காரருக்கு வந்த கோளாறு. கருவி ஆன் ஆகும்போது தன்னிடம் உள்ள வரைபடம், அளந்த வயல்கள், குறித்த இடங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கும். அதில் ஒரு பதிவு பாதியில் அறுந்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பதிவு ஏன் அறுகிறது? எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதால்தான். செல் தீரும்வரை அளப்பது ஒரு காரணம். டிராக்டரின் 12 வோல்ட் சாக்கெட்டில் இருந்து கருவிக்கு லைன் கொடுத்துவிட்டு செல்ஃப் எடுப்பது இன்னொரு காரணம். செல்ஃப் எடுக்கும் நொடியில் வோல்டேஜ் சடாரென்று இறங்கும். கருவி அணைந்து எழும். அதனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு கேபிளைச் செருகுங்கள்.

சரிசெய்யும் வழியில் எளிதானதை முதலில் செய்ய வேண்டும். செல்லைக் கழற்றி, மெமரி கார்டை எடுத்துவிட்டு, செல்லை மறுபடி போட்டு ஆன் செய்யுங்கள். இப்போது ஆன் ஆகிவிட்டால் குற்றவாளி கார்டு. அந்தக் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். கார்டு ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து, கிடைக்கும் பதிவுகளை முதலில் நகல் எடுங்கள். 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கார்டு இல்லாமலும் நிற்கிறது என்றால் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். இ-சேவை மையத்திலோ, பிள்ளைகளின் லேப்டாப்பிலோ செய்யலாம். கேபிளில் கவனம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு. அவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. கம்ப்யூட்டர் கருவியைக் காட்டவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். இட்ரெக்ஸ் 10, 20, 30 மாடல்களில், முன்பக்கத்துக் குமிழை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தபடி கேபிளைச் செருகி அரை நிமிடம் விடாமல் இருந்தால், பதிவுகளைப் படிக்காமலேயே பென் டிரைவ் போலத் திறக்கும். மற்ற மாடல்களுக்குப் பொத்தான் வேறு. மாடல் எண்ணைப் பார்த்து அந்தக் கம்பெனியின் கையேட்டில் இருப்பதையே செய்யுங்கள். வேறு மாடலுக்கான வீடியோவைப் பார்த்து அமுக்குவதால்தான் வினை வருகிறது.

திறந்ததும் 'கார்மின்' என்ற ஃபோல்டரும் அதற்குள் 'ஜிபிஎக்ஸ்' என்ற ஃபோல்டரும் தெரியும். நீங்கள் நடந்து அளந்த வயல்களும் குறித்த கிணறு, எல்லைக்கல், போர் இருக்கும் இடங்களும் அந்த ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அதை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். இந்த ஒரு வேலை முடிந்துவிட்டால் பயம் இல்லை. பிறகு கருவியில் உள்ள ஜிபிஎக்ஸ் கோப்புகளை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, முறையாகக் கழற்றி ஆன் செய்து பாருங்கள். ஆன் ஆகிவிட்டால், நகல் எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் மறுபடி நிற்கிறதோ அதுதான் அறுந்த பதிவு. பெரும்பாலும் கடைசி நாள் நடந்த தடம் அதுவாக இருக்கும். ஜிபிஎக்ஸ் தவிர மற்ற ஃபோல்டர்களில் கை வைக்காதீர்கள். கருவி இயங்கத் தேவையானவை அங்கே இருக்கின்றன.

இவ்வளவும் செய்து பலிக்காவிட்டால்தான் ரீசெட். அதையும் நகல் கைக்கு வந்த பிறகு.

செயற்கைக்கோள் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு

மெனு எல்லாம் வருகிறது, இடம் மட்டும் காட்டவில்லை. இதைப் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் பலர்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. எந்தக் கோள் எங்கே இருக்கும் என்ற அட்டவணையை அவையே மெதுவாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அந்த முழு அட்டவணையையும் கருவி வாங்கிக்கொள்ள 12.5 நிமிடம் ஆகும். நேற்று உபயோகித்த கருவியிடம் அது ஏற்கெனவே இருப்பதால் ஒரு நிமிடத்துக்குள் இடம் காட்டிவிடும். பிசானம் அறுவடையோடு உள்ளே வைத்து, சாரலுக்கு எடுக்கிற கருவியிடம் இருப்பது பழைய அட்டவணை. ரீசெட் செய்த கருவியிடம் அதுவும் இல்லை. தேடலில் நிற்கும் கருவியை ரீசெட் செய்தால் இன்னும் மோசமாகும் என்று முன்னே சொன்னது இதனால்தான். ரீசெட் செய்து, ஐந்து நிமிடம் பார்த்து, பொறுமை இழந்து மறுபடி ரீசெட் செய்பவருக்கு நாள் முழுவதும் இடம் கிடைக்காது.

திறந்த வெளியில், களத்துமேட்டிலோ குளத்துக் கரையிலோ, கருவியை ஆன் செய்து ஓர் இடத்தில் வைத்துவிட்டு இருபது நிமிடம் டீ குடிக்கப் போய்விடுங்கள். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் தாமதமாகும்.

இடமும் முக்கியம். கோளில் இருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் நாலு திசையும் வானம் திறந்திருக்கும். குற்றாலம், பண்பொழி மலையடிவாரத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் மலை எழுந்து நிற்கிறது. அந்தப் பக்கத்து வானத்தில் உள்ள கோள்கள் கருவிக்குத் தெரியாது. அதோடு தென்னை, மா, பாக்குத் தோப்புக்குள் நின்றால் இலை மறைக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகம் மறைக்கும். தோப்பை அளக்க வேண்டும் என்றால் வெளியே திறந்த இடத்தில் இடம் பிடித்த பிறகு உள்ளே போங்கள்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். ஜி.பி.எஸ். அமைப்பு 1980 ஜனவரி 6-ல் இருந்து வாரங்களை எண்ணி வருகிறது. பழைய முறையில் 1024 வாரத்துக்கு மேல் எண்ண இடம் இல்லை. எண்ணிக்கை திரும்பவும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்ட் 21 இரவில் ஒருமுறை அப்படி ஆனது. 2019 ஏப்ரல் 6 இரவில் மறுபடி ஆனது. அடுத்தது 2038 நவம்பரில். அப்டேட் செய்யாத பழைய கருவிகள் இதனால் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போய்விடும். 2025 ஜூன் 15 அன்று பார்த்தால் 2005 அக்டோபர் 30 என்று காட்டும். இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஆனால் கோள்களைத் தேடத் தடுமாறலாம். சேமிக்கும் வயல் பதிவுகளிலும் பழைய தேதியே விழும், பிறகு தேடினால் அகப்படாது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலுக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள். போடும்போது செல் புதிதாக இருக்கட்டும். அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் நல்ல கருவியும் பெயரோடு நின்றுவிடும்.

கடைக்குக் கொடுப்பது எப்போது

நீர் புகுந்து பொத்தான் வேலை செய்யாதது, யு.எஸ்.பி. துளை ஆடுவது, உள் பேட்டரி செத்தது. இவற்றை நல்ல செல்போன் ரிப்பேர்க்காரரே செய்துவிடுவார். வாரண்டி காலம் இருந்தால் திருகாணியைத் தொடாமல் பில்லோடு விற்ற இடத்துக்கே அனுப்புங்கள். திறந்த கருவிக்கு வாரண்டி கேட்க முடியாது. திரை உடைந்து, போர்டும் அரித்திருந்தால் செலவு செய்வதற்கு யோசிக்க வேண்டும். என் கணக்கு என்னவென்றால், புதுக் கருவி விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம். எப்படியானாலும் கொடுக்கும் முன் "பதிவை அழித்துவிடாதீர்கள்" என்று சொல்லி, ஒரு சீட்டில் எழுதியும் ஒட்டுங்கள். கடைக்காரருக்கு ரீசெட் ஒரு நொடி வேலை.

கருவி வரும்வரை செல்போன் கைகொடுக்கும். ஜி.பி.எஸ். ஃபீல்ட்ஸ் ஏரியா மெஷர் போன்ற ஆப்களில் வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பு தெரியும். கூலிக் கணக்குக்கு அது போதும். எல்லைத் தகராறுக்குப் போதாது. அது கையடக்க ஜி.பி.எஸ். கருவிக்கும் பொருந்தும். திறந்த வெளியிலேயே இடம் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகலாம். இருபது சென்ட் வயல் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 28 மீட்டர். நாலு பக்கமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளிப் பதிந்தால் கணக்கில் ஏறத்தாழ மூன்று சென்ட் கூடிவிடும். இரண்டு ஏக்கர் வயலில் அதே பிசகு பெரிதாகத் தெரியாது. சின்ன வயலுக்கு டேப் பிடிப்பதே நியாயம். எல்லைக்கல் பிரச்சினை என்றால் புலப்படத்தை வைத்து நில அளவர் வந்து அளப்பதுதான் செல்லும். அதற்கு தமிழ்நிலம் இணையதளத்தில் அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ரிப்பேர் முடிந்து வந்த கருவியை நேராக அடுத்தவர் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் உங்கள் சொந்த வயலில், பட்டாவில் பரப்பு தெரிந்த ஒரு முழு சர்வே எண்ணைச் சுற்றி நடந்து பாருங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், 0-40.50 என்று இருந்தால் 40.50 ஏர், அதாவது ஒரு ஏக்கர். ஒரு ஏர் 2.47 சென்ட். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நடங்கள். இரண்டுக்கும் பட்டாவுக்கும் இடையில் ஓரிரு சென்ட் வித்தியாசம் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது. பத்துச் சென்ட் விலகினால் அளவு அலகு மாறியிருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு ஏக்கர் இருந்த இடத்தில் வேறு அலகு வந்து உட்கார்ந்திருப்பது வழக்கம்.

இலஞ்சிக்காரர் இப்போது சனிக்கிழமை தோறும் மகளின் லேப்டாப்பில் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை நகல் எடுக்கிறார். போன பாக்கியில் கொஞ்சம் ஞாபகத்தில் இருந்து வசூலாகியிருக்கிறது.